அம்மாவுக்கு நிமோனியான்னு எனக்கு எப்படி தெரிஞ்சுது

முதல்ல சளி பிடிச்சது எனக்குத்தான். விடாத இருமல், மஞ்சளா சளி, இருமி இருமி நெஞ்செல்லாம் வலி. டாக்டர் ஸ்டெத் வச்சு பார்த்துட்டு மூச்சுக்குழாய்லதான் இன்ஃபெக்ஷன், இது பெரும்பாலும் வைரஸ்தான், ஆன்டிபயாடிக் வேண்டாம், இருமல் மூணு வாரம் கூட இழுக்கும்னார். மஞ்சளா வருதேன்னு கேட்டேன், கலரை மட்டும் வச்சு பாக்டீரியான்னு சொல்ல முடியாதுன்னார். அதே மாதிரி தானாவே சரியாயிடுச்சு.

அப்புறம் அம்மாவுக்கு வந்துச்சு, 72 வயசு. எனக்கு வந்ததுதானே, போயிடும்னு இருந்துட்டேன், அதுதான் நான் பண்ண தப்பு. காய்ச்சல் வேற இல்லவே இல்ல, அதனால பயமும் வரல. வயசானவங்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாம கூட வரும்னு பிறகுதான் தெரிஞ்சுது. அஞ்சாவது நாள் சாப்பாடு வேண்டாம்னாங்க, ராத்திரி பேசிட்டு இருக்கும்போதே பாதியில நிறுத்தி மூச்சு வாங்கிட்டு மிச்சத்தை சொன்னாங்க, என்னை தங்கச்சி பேர் சொல்லி கூப்பிட்டாங்க.

எனக்கு திக்குன்னு ஆயிடுச்சு. அவங்க கண் அசந்ததும் பக்கத்துல உட்கார்ந்து, போன்ல ஒரு நிமிஷம் டைமர் வச்சு போர்வை ஏறி இறங்குறதை எண்ணினேன். 32. சும்மா படுத்திருக்கும்போது பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு மூச்சு 12ல இருந்து 20தான் இருக்கணும். ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவு சதவீதம்னு காட்டுற ஆக்சிமீட்டரை விரல்ல மாட்டினா 90, அதுவும் 95க்கு மேல இருக்க வேண்டியது. விடியட்டும்னு பார்க்கல, நேரா எமர்ஜென்சிதான்.

அங்க டாக்டர் வலது பக்க முதுகுல கீழ ஸ்டெத்தை வச்சு ரொம்ப நேரம் கேட்டார். தலைமுடியை காதுகிட்ட வச்சு விரலால உருட்டினா ஒரு சத்தம் வரும் பாருங்க, உள்ள அப்படி கேக்குதுன்னார். எக்ஸ்ரேல அதே இடத்துல வெள்ளையா ஒரு திட்டு. நுரையீரல்ல இருக்கற சின்ன சின்ன காத்துப் பைகள்ல நீர் கோத்துக்கிட்டதாலதான் ஆக்சிஜன் ரத்தத்துக்கு போகலன்னு விளக்கினார். ஆக்சிஜன், ஊசில ஆன்டிபயாடிக், அஞ்சு நாள் அட்மிஷன்.

டிஸ்சார்ஜ் அப்போ நர்ஸ்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கிட்டேன்: மூச்சு திணறினா, உதடு நீலமானா, குழப்பமா பேசினா, சளியோட நிறைய ரத்தம் வந்தா உடனே எமர்ஜென்சி, மூச்சை இழுக்கும்போது குத்துற மாதிரி வலிச்சாலோ, கொஞ்சமா ரத்தம் தெரிஞ்சாலோ அன்னிக்கே டாக்டர், இருமல் மூணு வாரத்தை தாண்டினா கண்டிப்பா ஒரு செக்கப்.

ஆறு வாரம் கழிச்சு எடுத்த எக்ஸ்ரேல திட்டு இல்ல. ஆனா அசதி மட்டும் மூணு மாசம் வரைக்கும் இருக்கலாமாம், அம்மா இன்னும் மாடிப்படில பாதியில ஒரு தடவை உட்கார்ந்துட்டுத்தான் ஏறுறாங்க.