அப்பாவுக்கு ஹெட்போன், அம்மாவுக்கு ஸ்பீக்கர்

ஜூன் 7, சனி

வில்லிவாக்கம் வீட்டில் இரவு எட்டு மணி செய்தி என்றாலே சண்டை. அப்பாவுக்குக் காது மந்தம். டிவியில் வால்யூம் 45 வைத்தால்தான் அவருக்குச் செய்தி. அம்மாவுக்கு 15 போதும். டிவியிலேயே ஹெட்போனைச் செருகினால் ஸ்பீக்கர் ஊமையாகிவிடுகிறது, அம்மா வெறும் படம் பார்க்க வேண்டியதுதான். புளூடூத் மாட்டிப் பார்த்தார் அப்பா. வாய் முதலில் அசைகிறது, குரல் பின்னால் வருகிறது. "டப்பிங் படம் மாதிரி இருக்குப்பா" என்று கழற்றி வைத்துவிட்டார்.

ஹாலில் நான் கட்டிய ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. இடது, வலது பக்கத்துக்கு ஒவ்வொரு எல்எம்1875 ஐசி, 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டு. அதிலிருந்தே இரண்டையும் ஓட்டலாம் என்று முடிவு.

ஜூன் 8, ஞாயிறு

பழைய ஆம்ப்களில் ஒரு சுலப வழி உண்டு. ஸ்பீக்கர் முனையிலிருந்து பக்கத்துக்கு ஒரு 330 ஓம் ரெசிஸ்டர் போட்டு ஹெட்போன் சாக்கெட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கணக்கு எளிது. என் ஆம்ப் முழுசாகத் திறந்தால் 12 வோல்ட் வரை தரும். அதை 32 ஓம் ஹெட்போனுக்கு நேரே கொடுத்தால் 4 வாட்டுக்கு மேல், காயில் கருகிவிடும். நடுவில் 330 ஓம் இருந்தால் ஹெட்போனுக்கு 1 வோல்ட் அளவுதான் போகும், சுமார் 35 மில்லிவாட். அதுவே காதுக்கு அதிகம். ஸ்பீக்கரோடு சேர்ந்து ஓடினாலும் ஆம்புக்குப் பாரமில்லை, 8 ஓம் 7.8 ஆகிறது, அவ்வளவுதான். சாக்கெட்டில் ஸ்பீக்கரை வெட்டும் சுவிட்ச் காலுக்கு ஒயர் கொடுக்காமல் விட்டால் இரண்டும் ஒன்றாகப் பாடும்.

எங்கள் வீட்டுக்கு இது ஆகாது. வால்யூம் ஒன்றுதானே. அம்மாவுக்காகக் குறைத்தால் அப்பாவுக்கும் குறையும். சண்டை டிவியிலிருந்து ஆம்புக்கு இடம் மாறும். ஆகவே வால்யூமுக்கு முன்னாலேயே சிக்னலைப் பிரித்து, ஹெட்போனுக்குத் தனி வால்யூம், தனி ஐசி. என்இ5532 ஒன்று போதும், உள்ளே சிக்னலைப் பெருக்கும் ஆப்-ஆம்ப் இரண்டு.

இந்த 330 ஓம் வழியைப் பின்பற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இப்போது மலிவாகக் கிடைக்கும் கிளாஸ்-டி போர்டுகளில் பெரும்பாலானவை பிரிட்ஜ் வகை. அவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்ட் கிடையாது, அதுவும் ஒரு அவுட்புட். ஹெட்போன் பின்னிலோ இடது, வலது இரண்டுக்கும் பொதுவாக ஒரே கிரவுண்ட். இரண்டு மைனஸையும் அங்கே சேர்த்தால் அவுட்புட்டும் அவுட்புட்டும் முட்டிக்கொள்ளும். போர்டு போய்விடும்.

ஜூன் 14, சனி

எலக்ட்ரானிக் சாமான் வாங்க ரிச்சி தெரு. பெயர்ப்பலகையில் மீரான் சாகிப் தெரு என்றுதான் இருக்கும், ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொன்னால் விழிப்பார். ஐசி, வோல்டேஜைச் சீராக்கும் 7815, 7915, ஹெட்போன் செருகும் ஈ.பி. சாக்கெட், 50கே ஸ்டீரியோ வால்யூம். வால்யூமில் மட்டும் விடாப்பிடியாக நின்றேன். கடைப்பையன் எடுத்துக் கொடுத்ததில் 'பி' என்று அச்சடித்திருந்தது, அது லீனியர். கொஞ்சம் திருகியதுமே சத்தம் பாதிக்கு மேல் வந்துவிடும், மீதித் தூரம் சும்மா சுற்றுவதற்கு. 'ஏ' வேண்டும் என்றேன். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றான். மூன்றாவது கடையில் கிடைத்தது.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலேயே சால்டரிங் அயர்ன் சூடு. ஃபேன் போட்டால் அயர்ன் ஆறுகிறது, நிறுத்தினால் நான் வேகிறேன்.

ஆம்பின் சப்ளை இரண்டு பக்கமும் ஏறத்தாழ 20 வோல்ட். அதை 7815-ம் 7915-ம் பிடித்து 15 ஆக்குகின்றன. ஆப்-ஆம்புக்குப் பெருக்கம் 3 மடங்கு. அவுட்புட்டில் பக்கத்துக்கு ஒரு 33 ஓம். பின்னைச் செருகும்போது ஒரு கணம் சாக்கெட்டுக்குள் ஷார்ட் ஆகும், அதற்குக் காவல்.

ஆன் செய்தால் ஸ்பீக்கர் சுத்தம், ஹெட்போனில் "ம்ம்ம்" என்று ஹம். ஸ்பீக்கரில் நாம் எட்டடி தள்ளி உட்காருவதால் தெரியாத அழுக்கெல்லாம் ஹெட்போனில் காதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஹம்மில் இரண்டு சாதி. 50 ஹெர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம். இடம் மாற்றினால், திருப்பி வைத்தால் குறையும். 100 ஹெர்ட்ஸ் என்றால் ஏசியை டிசி ஆக்கும் ரெக்டிஃபயர் பக்கம். போனில் ஒரு டோன் ஜெனரேட்டர் ஆப் வைத்து ஒப்பிட்டுக் கேட்டேன், 100-தான். பெரிய கெப்பாசிட்டர்களை நிரப்பும் மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாய்கிற அதே கிரவுண்ட் ஒயரில்தான் புது போர்டின் கிரவுண்டும் தொற்றிக்கொண்டிருந்தது. அதைப் பிரித்து, இரண்டு கெப்பாசிட்டரும் சேருமிடத்துக்கு அப்பால் ஒரு புள்ளி வைத்து, எல்லாக் கிரவுண்டையும் தனித்தனி ஒயராக அங்கே கொண்டுவந்ததும் ஹம் போயிற்று. சாக்கெட்டின் கிரவுண்டும் அந்தப் புள்ளிக்கே போக வேண்டும், பெட்டித் தகட்டில் தொடக் கூடாது.

ஜூன் 17, செவ்வாய்

அப்பா மாட்டிக் கேட்டுப் பார்த்தார். "சத்தம் நல்லா இருக்கு, பேசுறதுதான் புரியல."

இது ஆம்பின் குறையில்லை. வயதாகும்போது காதில் முதலில் போவது மேல் அதிர்வெண்கள். உயிரெழுத்து காதில் விழும். ச, த, ட போன்றவை மங்கிவிடும். வால்யூமை ஏற்ற ஏற்ற இரைச்சல்தான் கூடும், தெளிவு கூடாது. ஹெட்போன் வால்யூமுக்கு முன்னால் பக்கத்துக்கு ஒரு 47கே ரெசிஸ்டர், அதன் தலைமேல் 222 என்று அச்சடித்த டிஸ்க் கெப்பாசிட்டர் ஒன்று. கீழ்ச் சத்தம் பாதியாகும். 1,500 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏறி, 3,000 தாண்டியபின் ஏறத்தாழ முழுசாகப் போகும். என் காதுக்குத் தகர டப்பா மாதிரி இருக்கிறது. அப்பா வானிலை அறிக்கையை மாவட்டம் மாவட்டமாகத் திருப்பிச் சொன்னார்.

காது மருத்துவரிடம் போவதற்கு இது மாற்று இல்லை என்று அம்மா சொன்னது சரிதான். அடுத்த வாரம் நேரம் வாங்கியாயிற்று.

ஜூன் 22, ஞாயிறு

டிவியின் ஹெட்போன் வாயிலிருந்து ஆம்புக்கு ஒயர், டிவியில் வால்யூம் நிரந்தரமாக 60. ரிமோட்டின் வால்யூம் பட்டனைத் தொடக் கூடாது என்று வீட்டில் சட்டம். அம்மா ஸ்பீக்கரைத் தன் அளவுக்கு வைத்துக்கொள்கிறார், அப்பா தன் குமிழைத் தன் அளவுக்கு.

புதுத் தொல்லை ஒன்று. பாதி நிகழ்ச்சியில் அப்பா ஹெட்போனோடு எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறார், ஆம்ப் பெட்டி மேசை ஓரம் வரை இழுபட்டு வருகிறது. "என்னங்க, அதைக் கழட்டி வச்சிட்டுப் போங்களேன்" என்று அம்மா கத்துவது அவருக்கு எங்கே கேட்கும்? சோபாவின் கைப்பிடியில் ஒரு சாக்கெட் திருகிவைத்து, பெட்டியிலிருந்து அதுவரைக்கும் தரையோரமாக ஷீல்டு ஒயர் இழுக்க வேண்டும். ஐந்து மீட்டர் போதும். வாங்கும்போது ஆறாகவே வாங்கிவிடலாம்.