சமையலறை டிராயரில் ஒரு வெர்னியர்

எங்கள் சமையலறை டிராயரில் கரண்டி, பழைய சாவி, ரப்பர் பேண்டு இவற்றுக்கு நடுவே ஒரு வெர்னியர் காலிப்பர் கிடக்கும். தாடைக்கு நடுவே சாமானைப் பிடித்து மி.மீ.யின் சின்னப் பங்கு வரை அளக்கிற கருவி. "ஏனுங்க, இதைக் கொண்டுபோய்ப் பட்டறைச் சாமானோட வைக்கக் கூடாதா?" என்று கேட்டுக் கேட்டு வீட்டுக்காரி அலுத்துவிட்டாள். பட்டறை இருந்தால்தானே வைக்க? கோவை கணபதியில் லேத் ஓட்டியது முடிந்து நாலு வருடம். லேத்தை விற்றேன், டூல்களை விற்றேன், இதை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை. பேட்டரி இல்லை, திரை இல்லை, ஆறு இஞ்ச் எஃகு. அவ்வளவுதான்.

பட்டறையை விட வீட்டில்தான் இப்போது அதற்கு வேலை அதிகம். கடையில் சாமானுக்குச் சொல்கிற பேர் ஒன்று, அளவு வேறொன்று. அரை இஞ்ச் ஜி.ஐ. இரும்புப் பைப்பை வெளியே அளந்து பாருங்கள், 21.3 மி.மீ. காட்டும். நிஜ அரை இஞ்ச் 12.7 தான். அதே 'அரை இஞ்ச்' சி.பி.வி.சி. பிளாஸ்டிக் பைப் 15.9. ஸ்கேலை வைத்துக் குத்துமதிப்பாகப் பார்த்துவிட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் இரண்டு நடை நிச்சயம்.

போல்ட் இன்னும் மோசம். பழைய இரும்புக் கட்டிலுக்கு எம்8 நட்டு, அதாவது 8 மி.மீ. மெட்ரிக் நட்டு, வாங்கி வந்தேன். இரண்டு சுற்று ஏறி இறுகிவிட்டது. போல்டை அளந்தால் 7.86. எம்8 போல்டும் அப்படித்தான் காட்டும், விட்வொர்த் என்கிற பழைய இங்கிலீஷ் மரை வைத்த 5/16 இஞ்ச் போல்டும் அப்படித்தான் காட்டும். விட்டம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, மரையைப் பார்க்க வேண்டும். தாடையின் கூர்முனையை ஒரு மரையின் உச்சியில் வைத்து, அங்கிருந்து பத்து மரை தள்ளி அடுத்த முனையை வைத்தேன். எம்8 ஆக இருந்தால் 12.5 வரும். வந்தது 14.1. விட்வொர்த். தெரியாமல் ஸ்பேனர் போட்டு முறுக்கியிருந்தால் மரை கழன்றிருக்கும், எனக்கும் சேர்த்து.

அப்புறம் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். இரண்டு தடவை பேரிங் மாற்றியும் சத்தம் நிற்கவில்லை. "அண்ணா, வந்து பாருங்க" என்று அந்தத் தம்பி கூப்பிட்டார். பேரிங் 6203, அதாவது உள்விட்டம் 17 மி.மீ., வெளிவிட்டம் 40, அகலம் 12. (பேரிங் நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் 04-ஓ அதற்கு மேலோ இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 03-க்கு அந்தக் கணக்கு ஆகாது, 17 என்று மனப்பாடம்தான்.) பேரிங் ஏறுகிற தண்டான ஷாஃப்டில் தாடையை வைத்தேன். அழுத்தக் கூடாது, தொட்டு நழுவ வேண்டும். அழுத்தினால் ஒன்றிரண்டு கோடு குறைத்துக் காட்டும். நகரும் சின்ன ஸ்கேலின் பூஜ்யம் மேல் ஸ்கேலில் 16 மி.மீ.யைத் தாண்டி நின்றது. கீழே 9 என்று போட்ட கோட்டுக்கு அடுத்த கோடு மேல்கோட்டோடு நேராகச் சேர்ந்தது. ஒரு கோட்டுக்கு 0.02, ஆக 16.92. பேரிங்கில் குற்றமே இல்லை, ஷாஃப்ட் தேய்ந்து உள்வளையம் அதன்மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. இரண்டு தடவை மாற்றியவர் ஒரு தடவை அளந்திருந்தால் போதும். வெல்டிங் வைத்து ஏற்றி மறுபடி கடைந்தோம், சத்தம் போய்விட்டது.

இரவல் கொடுப்பதில்லை. ஒருமுறை கொடுத்தேன். ஆழம் பார்க்கிற கம்பியை வைத்து சிங்க் அடைப்பை நோண்டியிருந்தார்கள்! திரும்பி வந்ததும் தாடையை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, இடுக்கில் ஒளி தெரிகிறதா என்று பார்த்தேன். பிறகு புது பேரிங் ஒன்றின் வெளிவிட்டத்தை அளந்தேன். பேரிங் ஒரு மி.மீ.யில் நூறில் ஒன்றிரண்டு பங்குக்கு மேல் பிசகாது, சோதிக்க அதை விட மலிவான சாமான் இல்லை. நல்லவேளை, தாடை தப்பியிருந்தது. கம்பிதான் கொஞ்சம் கோணல்.

போன மாதம் மகளுக்கு வளையல் எடுக்கும்போது 2-6 என்று சொல்லிக் கொடுத்தார்கள், கையில் ஏறவில்லை. மேலே இருக்கிற சின்னத் தாடையை உள்ளே விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டி அதிகபட்ச அளவைப் பார்த்தேன். 57.2. 2-6 என்றால் இரண்டு இஞ்சும் பதினாறில் ஆறு பங்கும், 60.3 வர வேண்டும். கொடுத்தது 2-4. மாற்றி வாங்கினாள் வீட்டுக்காரி. அன்றிலிருந்து வளையல் கடைக்குப் போனால் வெர்னியரும் கைப்பையில் போகிறது. அந்தக் கம்பி சீப்பில் மாட்டி இன்னும் வளையாமல் இருந்தால் சரி.