அப்பாவின் ஜாவா மறுபடி ஓடியது

மாடிப்படிக்குக் கீழே, போர்வை போர்த்தி, 12 வருடம் நின்றது அப்பாவின் ஜாவா 250 மோட்டார் சைக்கிள். 1972-ல் மைசூர் ஐடியல் ஜாவா கம்பெனியில் செய்த வண்டி. சின்ன வயதில் டேங்க் மேல் உட்கார வைத்துத்தான் என்னைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். டேங்கின் இரண்டு பக்கமும் இருக்கும் ரப்பர் பட்டையில் முழங்கால் உரசிக்கொண்டே போகும். போன வருடம், இதை நானே ஓட்டுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் பெயின்ட் அடி, குரோம் போடு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இன்ஜின் உயிரோடு இருக்கிறதா என்று தெரியாமல் பளபளப்புக்குச் செலவு செய்வது வீண்.

கிக்கர் அசையவே இல்லை. பிஸ்டன் உள்ளே பிடித்துக்கொண்டிருந்தது. பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஊற விட்டோம். இரண்டாம் நாளே மிதித்துப் பார்க்கக் கால் துடித்தது. "அவசரப்படாதம்மா, பிஸ்டன் ரிங் உடைஞ்சிரும். தானா விடும்" என்றார் மெக்கானிக் அண்ணன். ஐந்தாம் நாள் டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினோம். ஒரு சின்ன 'டக்'. அவ்வளவுதான், விட்டுவிட்டது.

டேங்க் துருவும் கார்புரேட்டர் அடைப்பும் ஒரு வாரத்தில் முடிந்த வேலை. பிளக்கில் பொறி வரவைக்கும் கான்டாக்ட் பாயின்ட்டைத் தேய்த்து, அதன் இடைவெளியை 0.4 மில்லிமீட்டருக்கு வைத்ததும் பிளக்கில் நீல நிறத்தில் பொறி வந்தது. லிட்டருக்கு 40 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) கலந்து பெட்ரோல் ஊற்றினேன். ஒன்பதாவது கிக்கில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனது. அந்தச் சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

ஆனால் வெள்ளைப் புகை தெருவையே மூடியது. அப்பா கொஞ்ச நேரம் மோந்து பார்த்துவிட்டு, "பாப்பா, இது 2டி புகை இல்ல. கியர் ஆயில் எரியுது" என்றார். அவர் சொன்னதுதான் சரி. ஜாவாவின் இன்ஜின் டூ ஸ்ட்ரோக் வகை. அதில் பெட்ரோல் கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் அறைக்குள் வந்து, அங்கிருந்துதான் மேலே போகும். அதனால் அந்த அறை காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். 12 வருடம் சும்மா நின்றதில், அந்த அறையை அடைத்து வைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் காய்ந்து விறைத்திருந்தது. கிளட்ச் பக்கத்துச் சீல் வழியாகக் கியர் ஆயிலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது இன்ஜின். இறக்கிப் பிரித்து எல்லாச் சீலையும் மாற்றினோம். பழைய டூ ஸ்ட்ரோக்கை எடுப்பவர்கள் இந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். டைனமோ பக்கத்துச் சீல் போயிருந்தால் வெறும் காற்று உள்ளே வரும், கலவை நீர்த்துப்போகும், சூடேறிப் பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது ஆர்சி. 50 வருடம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யும் விதி 2021-ல் வந்தது. அப்படிப் பதிவு செய்தால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். எனக்கு வேண்டியது தினமும் ஓட்டும் வண்டி. அதனால் படிவம் 25 கொடுத்து, 5 வருடத்துக்கான சாதாரணப் புதுப்பித்தலுக்கே போனேன். இன்ஸ்பெக்டர் சேசிஸ் நம்பரைப் பார்ப்பார் என்பதால் முந்தின நாளே தேடினேன். ஹேண்டில்பாருக்குக் கீழே, கழுத்துப் பகுதியில், மூன்று அடுக்கு பெயின்ட்டுக்குள் புதைந்திருந்தது. தின்னரால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சிலைத் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எண்ணாக எழும்பி வந்தது. ஆர்சி புத்தகத்தில் இருந்த அதே நம்பர். அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஓட்டப் பழகியது தனிக் கதை. ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே லீவர், அதுவும் இடது பக்கம். உள்ளே அழுத்தி, பின்னால் திருப்பி நிமிர்த்தினால் கிக்கர். ஸ்டார்ட் ஆனதும் முன்னால் மடக்கினால் கியர். இன்னொரு விஷயம், அந்த லீவரை மிதிக்கும்போதே கிளட்ச்சும் தானாக விலகிக்கொள்ளும். கை லீவரைப் பிடிக்காமலே கியர் மாற்றலாம். அப்பா அப்படித்தான் ஓட்டுவார். எனக்கு அது கைவர இரண்டு மாதம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். இரண்டு சைலன்சரிலிருந்தும் வரும் அந்தச் சத்தம் காலி ரோட்டில் நன்றாகக் கேட்டது. இருவரும் பேசவில்லை. பாலத்து ஏற்றத்தில் இன்ஜின் கொஞ்சம் திணற, என் தோளில் விரலால் ஒரு தட்டு தட்டினார். கிளட்ச்சைத் தொடாமல், காலால் மட்டும் மூன்றாம் கியருக்கு இறக்கினேன். "ம்" என்றார் அப்பா.