பெர்லினில் நவம்பர்

நவம்பர் 5, செவ்வாய்

நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் தம்பிக்குச் சோதனைக்காக ஊசி வைத்து எடுத்த சதை போதவில்லையாம், மறுபடி எடுக்க வேண்டுமாம். தம்பி அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான். காய்ச்சல் 38.4.

"நாள் பூரா இந்தக் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து என்ன பண்ணப்போறே அக்கா? ஊரைச் சுத்திப் பாரு. சாயங்காலம் வந்து எனக்குச் சொல்லு. நான் எதையும் பார்த்ததில்ல."

சரி என்றேன்.

நவம்பர் 6, புதன்

தம்பி வீட்டுத் தெருக்கதவுக்கு நேர் எதிரே நடைபாதையில் மூன்று பித்தளைக் கற்கள் பதிந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து சென்டிமீட்டர் சதுரம். கறுத்துப்போயிருக்கின்றன. இன்று குனிந்து படித்தேன். 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோன தேதி, கொல்லப்பட்ட இடம். அப்பா, அம்மா, மகள். மகள் 1933இல் பிறந்தவள். மூன்று கற்களிலும் ஒரே தேதிதான்: 27.11.1941. இடம் லாட்வியாவின் ரீகா. பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை.

நாஜிகள் கொன்றவர்கள் வாழ்ந்த வீட்டு வாசலில் இப்படிக் கல் பதிப்பது, குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய வேலை. எழுத்துகளைக் கையாலேயே சுத்தியல் கொண்டு அடிக்கிறார்கள். 2023இல் நியூரம்பெர்க்கில் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள். மியூனிக்கில் பொது இடத்தில் இதற்கு அனுமதி இல்லை. இறந்தவர்களின் பெயரை ஜனங்கள் மிதித்துக்கொண்டு போவதா என்று அங்குள்ள யூத சமூகத்தின் தலைவரே எதிர்த்தார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. நான் சுற்றித்தான் போகிறேன்.

நவம்பர் 7, வியாழன்

காய்ச்சல் 39. எங்கும் போகவில்லை.

நவம்பர் 9, சனி

காலையில் வாசலில் யாரோ உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. மேல்மாடி அம்மாள்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். முழங்காலுக்கடியில் ஒரு மெத்தைத் துண்டைப் போட்டுக்கொண்டு கற்களைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப்போய் நின்றேன். ஒன்றும் கேட்காமல் ஒரு துணியை என்னிடம் நீட்டினார். அவருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும், எனக்கு ஜெர்மன் அதுவும் வராது.

1938 நவம்பர் 9 இரவில்தான் நாடு முழுக்க ஜெபாலயங்களைக் கொளுத்தினார்கள், யூதர்களின் கடைகளை உடைத்தார்கள். அந்த நாளில் ஒவ்வொரு வருஷமும் பல தெருக்களில் இப்படி யாராவது உட்கார்ந்து துடைக்கிறார்களாம். ஒரு டியூபிலிருந்து வெள்ளைப் பசையைப் பிதுக்கித் தடவி, கறுப்பு நீர் கசியக் கசியத் தேய்க்க வேண்டும். எனக்கு மகளின் கல் வந்தது. எழுத்துக் குழிகளுக்குள் அழுக்கு இறங்கியிருந்தது, பல் துலக்கும் பிரஷால் எடுத்தோம். முடித்ததும் ஒரு வெள்ளை ரோஜாவும் சின்ன மெழுகுவத்தியும் வைத்தார்.

பெர்லினை இரண்டாகப் பிரித்த மதில் திறந்ததும் இதே நவம்பர் 9தான், 1989இல். அந்த இரவு இவரும் போய் நின்றாராம். அதைச் சொல்லும்போது முகமே மாறிவிட்டது. இரண்டையும் ஒரே நாளில் எப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்களோ.

தம்பியிடம் சொன்னேன். "எந்தக் கல்லு?" என்றான். ஆறு வருஷமாக அந்த வாசலில்தான் இருக்கிறான். கோபம் வந்தது. அவன் கையில் ஊசி குத்திய இடம் நீலமாக வீங்கியிருப்பதைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

நவம்பர் 11, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தெரு நிறையக் குழந்தைகள், கையில் காகித விளக்குகள். நிலா, ஆந்தை, நரி என்று ஒவ்வொன்றும் ஒரு உருவம், எல்லாம் அவர்களே ஒட்டிச் செய்தவை. புனித மார்ட்டின் நாளாம். முன்னால் ஒரு குதிரை, அதன் மேல் சிவப்புப் போர்வை போர்த்திய ஒருவர். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் போர்வையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர் மார்ட்டின். அதைத் தெருவிலேயே நடித்துக் காட்டினார்கள். பாட்டுப் பாடிக்கொண்டே நடந்தார்கள், நானும் கடைசிவரை கூடவே போனேன். எட்டு வயதிருக்கும் ஒரு பெண், விளக்கு அணைந்துவிட்டது என்று அம்மாவிடம் சண்டை போட்டாள். எட்டு வயதுப் பெண்கள் எல்லாரும் இப்போது என் கண்ணில் படுகிறார்கள்.

நவம்பர் 12, செவ்வாய்

இந்தப் பகுதிக்குப் பவேரியக் குடியிருப்பு என்று பெயர். யூதர்கள் நிறைய இருந்த இடம். ஐன்ஸ்டீன் வீடும் இங்கேதான் இருந்தது, ஹாபர்லாண்ட் தெருவில். இங்கே விளக்குக் கம்பங்களில் 80 பலகைகள் மாட்டியிருக்கிறார்கள். ரெனாட்டா ஷ்டி, ஃப்ரீடர் ஷ்னாக் என்ற இருவர் 1993இல் செய்தவை. ஒரு பக்கம் குழந்தைகள் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி எளிய வண்ணப் படம். மறு பக்கம் நாஜிக் காலத்துச் சட்டத்தில் ஒரு வரி. அவ்வளவுதான், விளக்கம் எதுவும் கிடையாது. முதலில் மாட்டியபோது, யாரோ யூத வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று ஜனங்கள் போலீஸைக் கூப்பிட்டார்களாம்.

தம்பிக்கு ரொட்டி வாங்கப் போனேன். கடைக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒரு ரொட்டிப் படம். பின்பக்கம் போய் நின்று, போனில் காட்டிப் படித்தேன்: பெர்லினில் யூதர்கள் பிற்பகல் நாலிலிருந்து ஐந்துக்குள் மட்டுமே சாப்பாட்டுப் பொருள் வாங்கலாம். 4.7.1940.

அப்போது நாலேகால். கடைக்குள் நல்ல கூட்டம். ரை ரொட்டி பாதி, எள் தூவிய பன் நாலு வாங்கினேன். கல்லில் பெயர் இருக்கும் அந்த அம்மாவும் இதே தெருவில்தானே வாங்கியிருப்பாள். நாலு மணிக்குள் மற்றவர்கள் வாங்கிப்போனது போக மிச்சம் என்ன இருந்திருக்கும்? வரிசை நீளமாக இருந்தால், ஐந்து அடித்துவிட்டால்? ஒரு மணி நேரம்தான் என்று எழுதியவர்களுக்குக் கடை எப்படி நடக்கும் என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. நம் வீட்டுச் சமையலறையை நன்றாகத் தெரிந்துகொண்ட எதிரி.

இன்னும் பலகைகள் பார்த்தேன். வீட்டில் நாய் பூனை வளர்க்கக் கூடாது. இரவு எட்டுக்கு மேல் வெளியே வரக் கூடாது. பவேரியச் சதுக்கத்தில் மஞ்சள் குறியிட்ட பெஞ்சில் மட்டும் உட்காரலாம். போகப் போகக் கால் ஓய்ந்துவிட்டது. அங்கே ஒரு பெஞ்ச் இருந்தும் உட்கார மனம் வரவில்லை.

நவம்பர் 14, வியாழன்

பிராண்டன்பர்க் வாயிலுக்குப் பக்கத்தில், கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான பெரிய நினைவிடம். பீட்டர் ஐசன்மன் வடிவமைத்தது, 2005இல் திறந்தார்கள். 2,711 கான்கிரீட் பாளங்கள். ஓரத்தில் முழங்கால் உயரம்கூட இல்லை. உள்ளே நடக்க நடக்கத் தரை இறங்குகிறது, பாளங்கள் தலைக்கு மேல் போய்விடுகின்றன. தெருச் சத்தம் நின்றுவிடுகிறது. யாரோ ஒருவர் குறுக்கே கடந்தார், அடுத்த நொடி காணோம்.

அங்கே என்னால் அழ முடியவில்லை. கீழே தகவல் மையத்தில் ஒரு இருட்டறை இருக்கிறது. ஒவ்வொரு பெயராகவும் அவர் வாழ்க்கையைச் சில வரிகளிலும் வாசிக்கிறார்கள். கொல்லப்பட்ட எல்லாருக்கும் இப்படி வாசித்து முடிக்க ஆறு வருஷம், ஏழு மாதம், 27 நாள் ஆகுமாம். அங்கே உட்கார்ந்துவிட்டேன். நான் துடைத்த பெயர் வருமா என்று காது அதையே தேடியது.

வெளியே வந்து சாலையைத் தாண்டி டீயர்கார்டனுக்குள் போனேன். நாஜிகள் கொன்ற சின்டி, ரோமா என்ற ஐரோப்பியச் சிறுபான்மை மக்களுக்கான நினைவிடம். வட்டமான கறுப்புக் குளம், நடுவே ஒரு முக்கோணக் கல், அதன் மேல் ஒரு பூ. கல் தண்ணீருக்குள் இறங்கி, தினமும் புதுப் பூவோடு மேலே வருகிறது. தம்பிக்கு இதைச் சொன்னபோது, "தினமுமா?" என்று கேட்டான். தினமும்டா.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடி எடுத்தார்கள். இந்த முறை மயக்கம் கொடுத்து.

நவம்பர் 18, திங்கள்

மழை. நேற்று போரில் மாண்டவர்களை நினைக்கும் நாள். நோயே வாஹே என்ற நினைவு மண்டபத்தில் மலர்வளையங்கள் இன்னும் இருந்தன. ஒரே பெரிய அறை, காலியாக இருக்கிறது. நடுவில் தாய், மடியில் இறந்த மகன். கேத்தே கோல்விட்ஸ் என்ற சிற்பி செய்த சின்னச் சிலையைப் பெரிதாக்கி 1993இல் வைத்தார்கள். கோல்விட்ஸின் இளைய மகன் 1914இல், போர் தொடங்கிய சில மாதங்களிலேயே இறந்தான். சிலைக்கு நேர் மேலே கூரையில் வட்டமாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மழை அவள் தலையிலேயே பெய்கிறது.

தம்பியிடம் இதைச் சொல்லவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

ராத்திரிச் சாப்பாடு ஐந்தரைக்கே வந்துவிடுகிறது. இரண்டு துண்டு ரொட்டி, பாலாடைக்கட்டி, ஒரு ஊறவைத்த வெள்ளரிக்காய், புதினா டீ. சூடாக எதுவும் இல்லை. இங்கே வீடுகளிலும் இரவில் இதுதான் வழக்கமாம், அடுப்பே மூட்ட மாட்டார்களாம். நர்ஸிடம் கேட்டுவிட்டுப் பிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுபோனேன். அரை டம்ளர் குடித்தான். பக்கத்துக் கட்டில் பெரியவர் மோந்து பார்த்துவிட்டு அவரும் கேட்டார். கண்ணில் நீர் வரக் குடித்துவிட்டு, கட்டை விரலை உயர்த்தினார்.

காய்ச்சல் 37.6! ரசம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

நவம்பர் 21, வியாழன்

ஓரானியன்பர்க். எஸ்1 ரயிலில் கடைசி ஸ்டேஷன். அங்கிருந்து நடை, இருபக்கமும் சாதாரண வீடுகள், திரைச்சீலை, ஜன்னலில் செடி. தெரு முடியும் இடத்தில் சாக்சன்ஹவுசன், நாஜிகளின் வதைமுகாம்.

1936இல் கட்டியது. இரண்டு லட்சத்துக்கு மேல் மனிதர்களை அடைத்து வைத்திருந்தார்கள். போருக்குப் பின் சோவியத் ஆட்கள் இதே இடத்தைத் தங்கள் சிறைமுகாமாக 1950 வரை வைத்துக்கொண்டார்கள், அதிலும் சுமார் 12,000 பேர் இறந்தார்கள். இரண்டுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், ஒன்றை வைத்து மற்றதை மறைக்கவில்லை.

செருப்புச் சோதனைத் தடம் என்று ஒன்று. மைதானத்தைச் சுற்றி அரைவட்டப் பாதை: கொஞ்ச தூரம் கான்கிரீட், கொஞ்சம் சரளை, கொஞ்சம் மணல். கம்பெனிகள் செய்த புதுச் செருப்பு அடியட்டை எத்தனை நாள் தாங்கும் என்று பார்க்க, கைதிகளை நாள் முழுக்க, 40 கிலோமீட்டர்வரை நடக்கவிட்டார்கள். சரளையில் கொஞ்சம் நடந்து பார்த்தேன். காற்று முகத்தில் அறைந்தது.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிவிட்டது. அவன் தூங்கிவிட்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

இறந்தோர் ஞாயிறு. மேல்மாடி அம்மாள் கல்லறைக்குப் போகிறார், கையில் பைன் கிளைகள். குளிர்காலத்துக்கு முன் புதைத்த இடத்தை அதனால் மூடி வைப்பார்களாம். இன்று முடியும்வரை பெரும்பாலான கிறிஸ்துமஸ் சந்தைகள் தொடங்குவதில்லை.

முடிவு வரவில்லை.

நவம்பர் 25, திங்கள்

சந்தை திறந்தாயிற்று. பிரைட்ஷைட்பிளாட்ஸ் என்ற சதுக்கத்துக்குப் போனேன். 1943இல் குண்டு விழுந்து மேல்பகுதி உடைந்த சர்ச் கோபுரத்தை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் அடியில் மரக் கடைகள், விளக்குத் தோரணம், வறுத்த பாதாம், இஞ்சி ரொட்டி. சூடான திராட்சை ரசத்தைப் பீங்கான் கோப்பையில் தருகிறார்கள், கோப்பைக்கு முன்பணம். எனக்குக் குழந்தைகளுக்கான பழரசம் போதும்.

சர்ச் படிக்கட்டில் தங்கநிற விரிசல் ஒன்று ஓடுகிறது. 2016 டிசம்பர் 19 அன்று இந்தச் சந்தைக்குள்தான் லாரியை ஏற்றினான் ஒருவன். 12 பேர் இறந்தார்கள். காயப்பட்ட ஒருவர் 2021இல் இறந்தார். படி விளிம்பில் பெயர்கள். அதன் பக்கத்தில் நின்று ஜனங்கள் கோப்பையை ஊதி ஊதிக் குடிக்கிறார்கள். முதலில் எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். ஒருவர்கூட விரிசலின் மேல் கால் வைக்கவில்லை. சந்தையை நிறுத்தாமல் நடத்துகிறார்களே, அது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது.

தம்பிக்கு வறுத்த பாதாம் ஒரு பொட்டலம். நாலு தின்றான்.

நவம்பர் 26, செவ்வாய்

கற்கள் மழையில் மங்கிவிட்டன. நாளைக்குத் தேதி வருகிறது. டியூப் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை. புளியைக் கரைத்து உப்புப் போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்துவிட்டது. சைக்கிளில் வந்த ஒரு பையன் இறங்கி, தள்ளிக்கொண்டு சுற்றிப் போனான்.

நவம்பர் 27, புதன்

கிரூனவால்ட் ஸ்டேஷன், 17ஆம் தடம். எஸ்7இல் போனேன். மற்ற தடங்களில் ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதில் மட்டும் இனி எந்த ரயிலும் போகாது. தண்டவாளங்களுக்கு நடுவே மரம் வளர்ந்திருக்கிறது, வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். பிளாட்பார விளிம்பில் 186 இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் தேதி, எத்தனை யூதர்கள், எந்த ஊருக்கு. முதல் தகடு 18.10.1941, 1,251 பேர், லோட்ஸ். கடைசி 27.3.1945, 18 பேர், தெரேசியன்ஷ்டாட். போர் தோற்கப் போகிறது என்று தெரிந்த பிறகும், 18 பேருக்காக ஒரு பயணம்.

குனிந்தபடியே நடந்து தேடினேன். 27.11.1941 கிடைத்தது. யாரோ முன்பே வந்து ஒரு கூழாங்கல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்த ரயிலில் 1,053 பேர். ரீகாவுக்குப் போய்ச் சேர்ந்தது 30ஆம் தேதி. அன்று காலையிலேயே ரும்புலா காட்டில் எல்லாரையும் சுட்டுவிட்டார்கள். ஒருவரும் தப்பவில்லை. நடுவில் மூன்று நாள். அந்த மூன்று நாளை என்னால் விட முடியவில்லை. குளிருக்கு அந்த அம்மா மகளுக்கு என்ன போர்த்திவிட்டிருப்பாள்? ஊர் மாற்றுகிறார்கள் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள்; அப்படியானால் மகளின் பள்ளிப் புத்தகத்தையும் எடுத்து வைத்திருப்பாளா? ரொட்டி எத்தனை நாளைக்கு வாங்க முடிந்திருக்கும், அந்த ஒரு மணி நேரத்தில்? மகள் எப்போது போய்ச் சேருவோம் என்று கேட்டிருப்பாள். என்ன பதில் சொல்லியிருப்பாள்?

தம்பியிடம் எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டான். "அந்தப் பேரைச் சொல்லுக்கா" என்றான். சொன்னேன். மூன்று பேரையும் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

நவம்பர் 29, வெள்ளி

38.9.

டிசம்பர் 1, ஞாயிறு

மேல்மாடி அம்மாள் பச்சைக் கிளை வளையம் ஒன்றைத் தந்தார். நாலு மெழுகுவத்தி, ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டும், நாலாவது எரியும்போது கிறிஸ்துமஸ் வந்துவிடும். 1839இல் ஹாம்பர்க்கில் விஹெர்ன் என்ற பாதிரியார், தான் வளர்த்த ஏழைப் பிள்ளைகள் நாள் எண்ணுவதற்காகச் செய்ததாம். அங்கே தினத்துக்கு ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் நெருப்பு வைக்கக் கூடாது என்பதால் வீட்டிலேயே ஏற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன்.

டிசம்பர் 2, திங்கள்

பெரிய டாக்டர் நாளை ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார். வீட்டு ஆட்கள் கூட இருந்தால் நல்லது என்றாராம். மொழி சொல்லத் தம்பியின் ஆபீஸ் நண்பன் வருகிறான்.

"எப்படி இருந்தாலும் நாளைக்குச் சாயங்காலம் எங்கேயாவது போய்ட்டு வந்து சொல்லணும்" என்கிறான். பெர்னாவர் தெரு மிச்சம் இருக்கிறது. மதில் ஓடிய இடம். தாண்டப் போய்ச் செத்தவர்களின் படங்களை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்களாம். இடித்த சர்ச்சின் செங்கல் தூளை மண்ணில் குழைத்துக் கட்டிய சின்னக் கோயில் ஒன்று, சுற்றிலும் ரை வயல். டிசம்பரில் வயலில் என்ன இருக்கும் என்று கேட்டான். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.