கோ-ஆப் வேலையோடு பிரெஞ்சு: மான்ட்ரியலில் படிக்க வருபவர்களுக்கு

மான்ட்ரியலில் ஆங்கில வழியில் படிக்க வருபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்க முடியுமா?" என்றுதான். வகுப்பில் முடியும். நகரின் நடுப்பகுதிக் கடைகளிலும் முடியும். கோ-ஆப் வேலையில், அதாவது படிப்பின் ஒரு பகுதியாக நிறுவனத்தில் செய்யும் வேலையில், சேர்ந்த பிறகு கதை வேறு. 1977-இல் வந்த 101-ஆம் சட்டப்படி, மான்ட்ரியல் இருக்கும் கியூபெக் மாகாணத்தில் பணியிட மொழி பிரெஞ்சு. 2022-இல் நிறைவேறிய 96-ஆம் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. உங்களுக்காகக் குழுவில் சிலர் ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆனால் சாப்பாட்டு மேசையிலும், காபி மெஷின் பக்கத்திலும், சர்வர் படுத்துவிட்ட அவசரத்திலும் எல்லோரும் பிரெஞ்சுக்குத் திரும்பிவிடுவார்கள். வேலையில் முக்கியமான பாதி அங்கேதான் பேசப்படுகிறது.

அதனால் என் முதல் யோசனை இது. கோ-ஆப் நடக்கும் நான்கு மாதமும் வேலையையே பாடப்புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணம், வினைச்சொல் அட்டவணை, மனப்பாடம் எல்லாவற்றையும் அதற்கு முந்தைய படிப்புப் பருவத்திலேயே முடிந்த அளவு முடித்துவிடுங்கள். எட்டு மணி நேரம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு ராத்திரி வந்து இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் ஏறாது. வேலைப் பருவம் காதுக்கும் வாய்க்கும் உரியது.

மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஆளுக்கு ஒரு நிமிடம்: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறேன். தொடக்கநிலைப் பிரெஞ்சில் அதிகம் பிழியும் மூன்று வடிவங்களும் இதற்குள் அடங்கிவிடும். நேற்றைக்கு பாஸே கொம்போஸே என்ற இறந்தகால வடிவம், இன்றைக்கு ஃப்யூதூர் ப்ரோஷ் என்ற "செய்யப்போகிறேன்" வடிவம், உதவி கேட்கும்போது பணிவாகக் கேட்கும் வினைவடிவம். முந்தின நாள் மாலை கிளம்புவதற்கு முன் ஒரு சின்ன அட்டையில் மூன்று வாக்கியம் எழுதி வைப்பேன்: "லாகின் பக்கத்தில் இருந்த பிழையைச் சரிசெய்தேன். இன்று அதற்கு டெஸ்ட் எழுதப்போகிறேன். டேட்டாபேஸ் அனுமதி இன்னும் வரவில்லை, யாராவது பார்த்துச் சொல்ல முடியுமா?" காலையில் அட்டையைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். யாராவது திருப்பி ஒரு கேள்வி கேட்டால், அந்தக் கேள்வியை அப்படியே அட்டையின் பின்பக்கம் குறித்துக்கொள்வேன். அந்தப் பின்பக்கக் குறிப்புகள்தான் எனக்கு அசல் பாடமாக இருந்தன. எந்தப் புத்தகத்திலும் அந்தக் கேள்விகள் அந்த வேகத்தில், அந்தச் சுருக்கத்தில் இருக்காது.

இதே முறையில் சக ஊழியர்களின் மின்னஞ்சல்களிலிருந்து ஆரம்ப வரி, முடிவு வரி, தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வரி என்று பொதுவான வாக்கியங்களைச் சேர்த்து வையுங்கள். ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். நிறுவனத்தின் உள் மடல்களையோ நிரலையோ அப்படியே எடுத்து வெளி மொழிபெயர்ப்புக் கருவிகளில் போடாதீர்கள், கேட்காமல் மீட்டிங்கைப் பதிவு செய்யவும் செய்யாதீர்கள். கோ-ஆப் மாணவர் மீது வைத்த நம்பிக்கை ஒருமுறை போனால் திரும்ப வராது.

மிகப் பெரிய தடை, நம் உச்சரிப்பைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவது. நல்ல மனதோடுதான் மாறுகிறார்கள். கோத்-தெ-நேஜ் பகுதியில் மளிகைக் கடையில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "தம்பி, அவை இங்கிலிசுக்கு மாறினாலும் நீர் மாறாதையும். நீர் பிரெஞ்சிலயே கதையும். ரெண்டு தரம் பார்ப்பினம், பிறகு அவையும் திரும்பி வருவினம்" என்றார். பிள்ளைகள் சட்டப்படி பிரெஞ்சுப் பள்ளிக்குப் போக, அவர்களோடு சேர்ந்து கற்றுக்கொண்டவர் அவர். அலுவலகத்தில் இதை இன்னும் நேராகச் செய்யலாம். முதல் வாரத்திலேயே மேலாளரிடம், "வேலை தடைப்படாத நேரத்தில் என்னோடு பிரெஞ்சிலேயே பேசுங்கள், அவசரமென்றால் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்வோம்" என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்டு யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

உச்சரிப்பில் தமிழருக்கு ஒரு வசதியும் ஒரு கஷ்டமும் உண்டு. "அவன் வந்தான்", "மரம்" என்று பேச்சில் சொல்லும்போது கடைசி மெய்யை நாம் முழுசாகச் சொல்வதில்லை, உயிரோடு சேர்த்து மூக்கில் விட்டுவிடுகிறோம். பிரெஞ்சின் மூக்கொலி உயிர்களுக்கு இதே பழக்கம் அடித்தளமாகும். ஆங்கிலம் வழியாகப் போகாமல் நேராகப் பேச்சுத் தமிழிலிருந்து போங்கள். கஷ்டம் எழுத்தில் வரும். மீனுக்கும் பானத்துக்கும் உள்ள பிரெஞ்சுச் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே "புவாஸோன்" ஆகிவிடும். ஒன்றில் தொண்டை அதிராத ப, மற்றதில் அதிரும் ப. ஆகவே குறிப்பேட்டில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதும் வழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள், ஒலியைக் கேட்டுப் பதியுங்கள்.

கேட்பதற்கு இலவசமாகவே நிறைய இருக்கிறது. கனடாவின் பிரெஞ்சுப் பொது ஒலிபரப்பான ரேடியோ-கனடாவின் நிகழ்ச்சிகளை வைத்து உருவாக்கிய மோரில் செயலி கியூபெக் பேச்சுக்குக் காதைப் பழக்கும். பிரான்ஸின் ஆர்எஃப்ஐ வானொலியின் எளிய பிரெஞ்சுச் செய்தி பத்து நிமிடம்தான், மெட்ரோ பயணத்துக்குச் சரியாக இருக்கும். பெர்ரி-உக்காம் நிலையத்தை ஒட்டிய கிராந்த் பிப்லியோதெக் நூலகத்தில் கியூபெக்கில் வசிப்பவர்களுக்கு உறுப்பினர் அட்டை இலவசம்.

வகுப்பும் வேண்டும், அதை விடச் சொல்லவில்லை. 2023 ஜூன் முதல் மாகாண அரசின் பிரெஞ்சு வகுப்புகளுக்கெல்லாம் ஃப்ரான்ஸிசாஸியோன் கெபெக் என்ற ஒரே வாசல்தான். கட்டணம் இல்லை, பகுதிநேரமாகவும் இணையத்திலும் படிக்கலாம். கோ-ஆப் பருவத்தில் வாரத்துக்கு நாலு அல்லது ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுக்காதீர்கள். இடம் கிடைக்கக் காத்திருக்க நேரும் என்பதால் வேலை உறுதியாவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

குடியேற்றத்துக்கான பிரெஞ்சுத் தேர்வுக்கு வருவோம். கனடா குடியேற்றத்துக்கு டெஃப் கனடா, டிசிஎஃப் கனடா என்ற இரண்டு தேர்வுகளும் செல்லும். கனடா அரசின் குடியேற்ற விண்ணப்ப முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியின் பிரெஞ்சுப் பிரிவுக்கு, கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என்ற நான்கு திறனிலும் என்சிஎல்சி 7 (கனடாவின் பிரெஞ்சுத் திறன் அளவுகோலில் ஏழாம் நிலை) வேண்டும். டெஃப் வாய்மொழித் தேர்வு பதினைந்து நிமிடம், இரண்டு பகுதி. முதலாவதில் ஒரு விளம்பரத்தைப் பார்த்துவிட்டு முன்பின் தெரியாதவரிடம் கேள்வி கேட்டு விவரம் வாங்க வேண்டும். இரண்டாவதில் ஒரு நண்பரைச் சம்மதிக்க வைக்க வேண்டும். இரண்டாவதற்கு அலுவலகமே தயார் செய்துவிடும், ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் தினமும் அதைத்தானே செய்கிறோம். முதலாவதில்தான் கோ-ஆப் மாணவர்கள் வழுக்குகிறார்கள். கியூபெக் அலுவலகங்களில் மேலாளர் வரை பெரும்பாலும் "நீ"தான், "நீங்கள்" வாயில் வருவதே இல்லை. தேர்வின் முதல் பகுதியிலோ மரியாதை வடிவம் முழுக்க வர வேண்டும். இதற்கு நான் கண்ட வழி தொலைபேசி. உடற்பயிற்சிக்கூடம், வாடகை வீடு, நீச்சல் வகுப்பு என்று உண்மையாகவே தேவைப்படும் விஷயங்களுக்கு மெயில் அனுப்பாமல் போன் செய்து கேளுங்கள். தேர்வு கேட்பதும் அதே உரையாடல்தான்.

எழுத்துத் தேர்வுக்கு அலுவலகம் அவ்வளவாக உதவாது. ஒரு செய்தித் துணுக்கைத் தொடர்ந்து எழுதுவது, பத்திரிகைக்கு 200 சொல்லுக்குக் குறையாமல் கருத்துக் கடிதம் எழுதுவது இரண்டையும் வார இறுதியில் நேரம் வைத்துத் தனியாக எழுதிப் பழகி, வகுப்பு ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள்.

தேதியை எப்போது எடுப்பது என்பதில் அவசரப்படாதீர்கள். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். முழுநேர மாணவராக இருக்கும்போது செய்த வேலை, கோ-ஆப் உட்பட, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கனடாவில் வேலை பார்த்தவர்களுக்கான கனேடிய அனுபவப் பிரிவில் கணக்கில் வராது. அதாவது பட்டம் முடித்து ஓராண்டு வேலை பார்த்த பிறகுதான் அந்தப் பிரிவில் விண்ணப்பிக்க முடியும். முதல் கோ-ஆப்பின்போதே எழுதி வைத்த மதிப்பெண் அதற்குள் காலாவதியாகிவிடலாம். கடைசி கோ-ஆப் முடியும் மாதம் பொருத்தமானது: காது நன்றாகத் திறந்திருக்கும், வாய் கூசாது, செமஸ்டர் தேர்வும் குறுக்கே வராது. அந்த மாதத்துக்கான இருக்கையை வேலையில் சேர்ந்த வாரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள், மான்ட்ரியல் மையங்களில் இடம் வேகமாக நிரம்புகிறது.