பழனிக்கு முதல் நடை: கால் என்ன சொல்லும்?

தைப்பூசத்துக்குப் பழனி நடப்பவர்களில் முதல் தடவைக்காரர்களை முதல் நாள் மாலையே கண்டுபிடித்துவிடலாம். காலையில் எல்லோருக்கும் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போனவர்கள் அவர்கள்தான். குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போனால் 150 கிலோமீட்டருக்கு மேல். தை மாதக் குளிரும் அரோகரா சத்தமும் சேர்ந்துகொண்டால் முதல் பத்து கிலோமீட்டர் போவதே தெரியாது. வலி மறுநாள் விடியலில்தான் வரும். எழுந்து முதல் அடி வைக்கும்போது கெண்டைக்கால் கல்லாக இறுகியிருக்கும், குதிகாலை ஊன்ற முடியாது. இது பெரும்பாலும் தசைப்பிடிப்புதான். அரை மணி நேரம் மெதுவாக நடந்தால் இளகிவிடும். இதற்கே பயந்து பஸ் ஏறிவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஒரே இடத்தில் எலும்பை ஒட்டிக் குத்துகிற வலியும் வீக்கமும் இருந்தால் மட்டும் நடையை நிறுத்திவிட வேண்டும்.

வெறுங்காலில் நடப்பதாக வேண்டியிருந்தால் மாலை போட்ட அன்றே செருப்பைக் கழற்றிவிடுங்கள். பாதத் தோல் தடிக்க வாரக்கணக்கில் ஆகும். தை மாதமானாலும் பதினொரு மணிக்கு மேல் தார் சுடும். கறுப்புத் தாரைவிட ஓரத்து வெள்ளைக் கோட்டில் சூடு குறைவு என்பதால் நடந்து பழகியவர்கள் அதன் மேலேயே அடி வைத்துப் போவார்கள். விடியலில் பனி ஈரம் இருந்தால் அதே கோடு வழுக்கும். பதினொன்றிலிருந்து மூன்றரை வரை நிழலில் படுத்துவிடுவதுதான் சரி.

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. முதலில் ஓர் இடம் மட்டும் சுள்ளென்று எரியும். அப்போதே உட்கார்ந்து, காலைத் துடைத்துக் காயவிட்டு, பிளாஸ்திரியைச் சுருக்கமில்லாமல் ஒட்டினால் அதோடு போய்விடும். ‘அடுத்த மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் நீர் கோத்துக்கொள்ளும். சின்னதாக இருந்தால் குத்தவே கூடாது. பெரிதாகி நடக்க முடியாமல் போனால் ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் அடி ஓரத்தில் குத்தி நீரை வடியவிட்டு, மேல்தோலை உரிக்காமல் அப்படியே மூடிக் கட்ட வேண்டும். அந்தத் தோல்தான் உள்ளே இருக்கும் புதுத் தோலுக்குக் காவல். உரித்தால் மண் பட்டுச் சீழ் பிடிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் கை வைக்காமல் வழியிலுள்ள மருத்துவ முகாமில் காட்டுவதே நல்லது.

பலரும் வெளியே சொல்லக் கூச்சப்படுகிற இன்னொன்று தொடை உரசல். கஞ்சி போட்ட புது வேட்டியும், குளித்துவிட்டு ஈரத்தோடு கட்டும் துணியும் தொடையைப் புண்ணாக்கிவிடும். பழைய பருத்தித் துணி போதும். நடக்கத் தொடங்கும் முன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்க இடுப்பு மட்டும் வலித்தால் சாலையைப் பாருங்கள். மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை ஓரத்தை நோக்கிச் சரிந்திருக்கும். மணிக்கணக்கில் ஒரே ஓரமாகப் போனால் ஒரு கால் எப்போதும் பள்ளத்திலேயே இறங்கும். அதற்காக நடுச்சாலைக்குப் போய்விடாதீர்கள். சமமான மண்தடம் கிடைத்தால் அதில் இறங்கி நடங்கள். திண்டுக்கல்லிலிருந்து பழனி வரை சுமார் 60 கிலோமீட்டர். அங்கே பாதயாத்திரைக்காரர்களுக்கென்று போட்டிருக்கும் நடைபாதை இருக்கும் இடங்களில் அதை விட்டு இறங்காதீர்கள். இரவில் முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர், கையில் டார்ச் கட்டாயம். நடைபாதை இல்லாத இடத்தில் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டுநர்களுக்கும் கண் சொருகும். அந்த நேரத்தில் நடக்காமல் தூங்கிவிடலாம்.

அன்னதானம் வழியெங்கும் இருக்கும். அன்போடு கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு பந்தலிலும் வயிறு முட்டச் சாப்பிட்டால் நடை ஓடாது. பாதி வயிறு போதும். வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள், இலையையும் தட்டையும் சாலையில் போடாதீர்கள். வியர்வையோடு உப்பும் போய்விடுவதால் வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருக்காமல் உப்புப் போட்ட மோரும் குடியுங்கள்.

மலைக்கு 693 படிகள். நாள்கணக்கில் சமதளத்தில் நடந்த காலுக்குப் படி ஏறுவது வேறு வேலை, முன்தொடை நடுங்கும். அடிவாரத்தில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு ஏறுங்கள். இறங்கும்போதுதான் முழங்காலில் பாரம் அதிகம். கூட்டத்துக்காகப் பாதையை மாற்றிவிடாத நேரமென்றால் சரிவாக இறங்கும் யானைப்பாதை வழியாக வாருங்கள்.