பொம்மைக்கு ஊசி போடும் குழந்தை

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அழாத குழந்தையைக் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். அது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கும். கேட்டதும் கையை நீட்டும். பொம்மையைக் கொடுத்தால் வாங்கி ஓரமாக வைத்துவிடும். 'சமர்த்து, தொந்தரவே இல்லை' என்று நாமும் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவோம். ஆனால் இரண்டு, மூன்று வயதில் அப்படி அடங்கிக் கிடப்பது பெரும்பாலும் பயத்தால்தான். மருத்துவமனையில் பெற்றோரைப் பிரிந்து இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை 1952-இல் பிரிட்டனில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் படம்பிடித்துக் காட்டியபோது மருத்துவர்கள் பலர் கோபப்பட்டார்கள். மருத்துவமனையில் இருக்கும் குழந்தைகளின் நலன் பற்றி 1959-இல் அங்கே வந்த பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையில்லாமல் வந்து பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று அம்மா கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடிகிறதென்றால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு சண்டை நடந்திருக்கிறது.

அம்மா பக்கத்தில் இருந்தும் தீராத பயம் ஒன்று உண்டு. இந்த வயதுக் குழந்தைகளில் பலர், தாங்கள் செய்த சேட்டைக்குத் தண்டனையாகத்தான் காய்ச்சல் வந்தது, ஊசி போடுகிறார்கள் என்று நினைக்கிறார்கள். "அழுதா சிஸ்டர் ஊசி போட்டுடுவாங்க" என்று பெரியவர்கள் மிரட்டும்போது அந்த நினைப்பு உறுதியாகிவிடுகிறது. அது தப்பு என்று வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. பொம்மை வேண்டும்.

கையில் கேனுலாவோடு (மருந்து ஏற்ற நரம்பில் செருகிவைக்கும் மெல்லிய குழாய்) இருந்த நான்கு வயதுச் சிறுமி ஒருத்தியிடம் ஒரு துணிப் பொம்மை, கொஞ்சம் பஞ்சு, பிளாஸ்திரி, ஊசி இல்லாத சிரிஞ்சு எல்லாம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் தொடவே இல்லை. அப்புறம் மெதுவாகப் பொம்மையின் கையைப் பிடித்தாள். "ஆட்டாதே. ஆட்டினா மறுபடியும் குத்துவேன்" என்றாள். நாங்கள் பேசுகிற அதே தொனி. நம் பேச்சு ஒரு குழந்தையின் காதில் எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி எனக்குத் தெரியாது. குத்திய இடத்தில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டே போனாள். ஏன் என்று கேட்டதற்கு, ஓட்டை வழியாக ரத்தம் எல்லாம் வெளியே போய்விடுமாம். இந்த வயதில் இது பரவலாக இருக்கும் பயம். கேள்வி கேட்டு இதை வெளியே எடுக்க முடியாது, விளையாட்டில் தானாக வந்துவிடும்.

விளையாட்டு என்றால் கவனத்தைத் திருப்புவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தேவைதான். சோப்புக் குமிழி ஊதும்போது மூச்சு நீளமாக வெளியே போகிறது, உடம்பு தளர்கிறது. ஆனால் அது ஊசி போடும் அந்த ஒரு நிமிடத்துக்கு. முன்னாலும் பின்னாலும் குழந்தை தானே மருத்துவராகி விளையாடுவது வேறு. அங்கே நடப்பதெல்லாம் அதன் கையில் இருக்கிறது. நிறுத்து என்று அது சொன்னால் நின்றுவிடும். வார்டில் வேறு எங்கே அதற்கு அந்த அதிகாரம் உண்டு? ஊசி போடும் இடம் மரத்துப்போகத் தடவும் களிம்பு நன்றாக வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்தை நான் விளையாட்டுக்கு என்றே ஒதுக்குவேன். ஊசி போடும்போது முடிந்தவரை படுக்கவைத்து அழுத்திப் பிடிப்பதில்லை, அம்மா மடியில் நிமிர்ந்து உட்காரவைக்கிறோம். ஒருவர் மட்டும் பேசுகிறோம். "வலிக்காது" என்று சொல்வதே இல்லை. "போடட்டுமா?" என்றும் கேட்பதில்லை, வேண்டாம் என்றால் என்ன செய்வோம்? "குமிழி நீ ஊதுறியா, அம்மா ஊதட்டுமா?" என்று கேட்கலாம்.

விளையாட்டு மூலையில் ஊசி, மருந்து எதுவும் கூடாது. இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ரவுண்ட்ஸ் அவசரத்தில் அங்கேயே சோதித்துவிடலாம் என்று வருபவர்களிடம் சிகிச்சை அறையைக் காட்டுவேன். வலி வராத இடம் ஒன்றாவது குழந்தைக்கு இருக்க வேண்டும்.

பொம்மைகளைப் பொறுத்தவரை, ஒரு குழந்தை வைத்திருந்ததைத் துடைத்துச் சுத்தம் செய்த பிறகுதான் இன்னொன்றுக்கு. துணிப் பொம்மை யாருக்குக் கொடுத்தோமோ அவருக்கே சொந்தம். ரப்பர் பலூன் வேண்டவே வேண்டாம், வெடித்த துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

எம்மா பிளாங்க் என்ற கல்வியாளர் 1955-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், மருத்துவமனைக் குழந்தைகளோடு இப்படி விளையாடுவதை ஒரு தனி வேலையாகவே வளர்த்தெடுக்கத் தொடங்கினார். இன்றும் பல இடங்களில் அப்படித் தனி ஆள் கிடையாது. டூட்டிக்கு நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில் நாங்களேதான் செய்கிறோம். 1989-இல் ஐ.நா. நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, விளையாடுவதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. நேரம் இருந்தால் பார்க்கலாம் என்று இதைத் தள்ளிவைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வீட்டுக்குப் போகும் நாளில் மருந்துச் சீட்டோடு பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்வேன். கொஞ்ச நாளைக்குப் படுக்கையை நனைக்கலாம், விரல் சூப்பலாம், உங்களை விட்டு நகராமலும் இருக்கலாம், திட்டாதீர்கள். வீட்டில் எல்லோருக்கும் ஊசி போட்டுக்கொண்டு திரியும். அதை நிறுத்தாமல், கூப்பிட்டால் நோயாளியாகப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கையில் போடுவது என்று அதுவே முடிவு செய்யட்டும்.